தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதை ஜெர்மனில் எப்படிச் சொல்வது?

ஆங்கிலம் பேசும் ஒருவர் தம் நண்பரிடம் ‘டோன்ட் கிட் யுவர்செல்ஃப்’ என்று சொன்னால், ‘உன்னை நீயே ஏமாற்றிக்கொள்ளாதே’ என்பது அதன் பொருள். இந்தச் சிறு தொடரை ஜெர்மனில் எழுத முயலும் தொடக்கநிலை மாணவர், ‘ஏமாற்று’ என்பதற்கு நிகரான வினையை அகராதியில் தேடுவார். ‘டாய்ஷென்’ என்ற சொல் கிடைக்கும். ‘உன்னை’ என்பதற்குரிய ‘டிஷ்’ என்ற சொல்லையும் எதிர்மறையையும் சேர்த்து ‘டாய்ஷெ டிஷ் நிஷ்ட்’ என்று எழுதிவிடுவார். அதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் அதைப் படிக்கும் ஜெர்மானியர் ‘தவறாக எண்ணிவிடாதே’ என்று மட்டுமே புரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் ஒரு மனிதர் தமக்குத்தாமே பொய் சொல்லிக்கொண்டிருந்தார். ஜெர்மனில் அவர் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டவராக மாறிவிட்டார். தன்னை ஏமாற்றிக்கொள்வது பற்றிய ஆங்கில மரபுத்தொடர்களை ஜெர்மனில் பெயர்ப்பது ஏன் கடினம் என்பதற்கு இதைவிடச் சிறிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. எனவே இங்கிருந்தே தொடங்குகிறேன்.

தமிழில் ‘ஏமாறு’ என்றும் ‘ஏமாற்று’ என்றும் இரண்டு வினைகள் இருக்கின்றன. முன்னது ஒருவருக்கு நேர்வது. பின்னது ஒருவர் செய்வது. ஜெர்மனில் ‘டாய்ஷென்’ என்பது ஏமாற்றுவதைக் குறிக்கும் செய்வினைதான். ஆனால் அதனுடன் தற்சுட்டுச் சொல்லான ‘ஸிஷ்’ சேர்ந்தவுடன் செயல் மறைந்து நிகழ்ச்சி மட்டும் எஞ்சுகிறது. ‘வென் இஷ் மிஷ் நிஷ்ட் டாய்ஷெ’ என்று ஜெர்மானியர் ஒரு நாளில் பலமுறை சொல்வார்கள்; ‘நான் நினைப்பது தவறில்லை என்றால்’ என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. கதவு தானாகத் திறப்பதைச் சொல்லவும் ஜெர்மன் இதே ‘ஸிஷ்’ஷைத்தான் பயன்படுத்துகிறது. தமிழ் வாசகருக்கு இது புதிதன்று. ‘கதவு திறந்துகொண்டது’ என்று நாம் சொல்லும்போது கதவு தன்னைத்தானே பிடித்து இழுத்ததாக யாரும் எண்ணுவதில்லை. ‘கொள்’ என்ற துணைவினை அங்கே தானாக நிகழ்ந்ததைக் காட்டுகிறது. அதே ‘கொள்’ ‘ஏமாற்றிக்கொண்டான்’ என்பதில் ஒருவர் தமக்கே செய்துகொண்டதைக் காட்டுகிறது. ஒரே சொல் இரண்டு வேலைகளையும் செய்யக்கூடும் என்பதைத் தமிழர் பேச்சில் பழகியிருப்பதால், ‘ஸிஷ்’ஷின் இந்த இயல்பும் எளிதில் பிடிபடும்.

இழந்த பொருளை மீட்க ஜெர்மனில் ‘ஸெல்ப்ஸ்ட்’ என்ற சொல்லை, அதாவது நம்முடைய ‘தானே’ என்பதை, கூடுதலாக வைக்க வேண்டும். யோவான் முதல் நிருபத்தில் ‘நமக்குப் பாவமில்லையென்போமானால், நம்மை நாமே வஞ்சிக்கிறவர்களாயிருப்போம்’ என்று தமிழ் விவிலியம் சொல்லும் இடத்தில், பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மானியச் சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் தம் மொழிபெயர்ப்பில் ‘நம்மை நாமே தவறான வழியில் இழுத்துச் செல்கிறோம்’ என்ற பொருள் தரும் வினையை எழுதினார். பிற்காலத் திருத்தப் பதிப்புகள் அதை ‘பெட்ரூகென்’ என்ற, மோசடி செய்வதைக் குறிக்கும் வினையாக மாற்றின. வினை மாறியபோதும் ‘ஸெல்ப்ஸ்ட்’ மாறவில்லை. அது போனால் வாக்கியத்தின் பாரமே போய்விடும்.

இதே வேரிலிருந்து பிறந்த இன்னொரு சொல்லையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எதிர்பார்த்தது நடக்காதபோது உண்டாகும் மனவருத்தத்தை ஜெர்மன் ‘என்ட்டாய்ஷுங்’ என்கிறது. ‘என்ட்’ என்ற முன்னொட்டு நீக்கத்தைக் குறிக்கும். ஆக, ஒரு மயக்கம் கலைந்து போவதுதான் அந்த வருத்தம். தமிழில் அதே உணர்வுக்கு ‘ஏமாற்றம்’ என்ற பெயர் இருக்கிறது. நாம் ஏமாந்ததை எண்ணி வருந்துகிறோம். ஜெர்மானியர், சொல்லின் அமைப்புப்படி, ஏமாந்திருந்த நிலை முடிந்துபோனதை எண்ணி வருந்துகிறார்கள். ஒரே வருத்தத்தை இரண்டு மொழிகள் எதிரெதிர்க் கரைகளிலிருந்து பார்க்கின்றன. பொய்யான நம்பிக்கையில் வாழ்ந்த ஒருவர் விழித்தெழும் கட்டத்தை மொழிபெயர்க்கும்போது, இச்சொல்லில் உறங்கும் மூலப்பொருளை ஜெர்மன் எழுத்தாளர்கள் விரும்பிப் பயன்படுத்துவதுண்டு என்பதால் இதை அறிந்து வைத்திருப்பது நல்லது.

இனி அடிப்படைக் கருத்துக்கு வருவோம். மரபுத்தொடர் என்பது, அதிலுள்ள சொற்களின் பொருள்களைக் கூட்டினால் கிடைக்காத ஒரு பொருளைத் தாங்கி நிற்கும் தொடர். அதில் ஒரு படமும் இருக்கிறது. அந்தப் படம் செய்யும் ஒரு வேலையும் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் காப்பாற்ற விரும்புவார்; பெரும்பாலும் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும். 1530இல் எழுதிய தம் திறந்த மடலில் லூதர் இதைத்தான் வாதாடினார். மத்தேயு நற்செய்தியில் ‘இருதயத்தின் நிறைவினால் வாய் பேசும்’ என்று தமிழில் வரும் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அது எந்த ஜெர்மானியரின் வாயிலும் வராத பேச்சாகிவிடும் என்றார் அவர். வீட்டிலிருக்கும் தாயையும், தெருவிலாடும் குழந்தைகளையும், சந்தையில் நிற்கும் சாதாரண மனிதரையும் கேட்டு, அவர்கள் பேசும் வாயைப் பார்த்து மொழிபெயர்க்க வேண்டும் என்று சொல்லி, ‘நெஞ்சு எதனால் நிறைந்திருக்கிறதோ அதுவே வாயால் வழியும்’ என்ற பொருளில் அதை எழுதினார். அந்த வாக்கியம் இன்று ஜெர்மனில் பழமொழியாகவே வழங்குகிறது.

தன்னேமாற்றைக் குறிக்கும் தொடர்களில் இந்த ‘வேலை’ சற்றுச் சிக்கலானது. ஏமாற்றுவது பற்றிய மற்ற மரபுத்தொடர்களில் ஏமாற்றுபவர் ஒருவர், ஏமாறுபவர் இன்னொருவர். இங்கே இருவரும் ஒருவரே. ஆகையால் நான் ஒவ்வொரு தொடரையும் எடுத்துக்கொள்ளும்போது மூன்று செய்திகளைத் தெரிந்துகொள்ள முயல்கிறேன்: அந்த மனிதருக்கு உள்ளூர உண்மை எவ்வளவு தெரியும், அவர் ஏன் அதைப் பார்க்க மறுக்கிறார், இந்தத் தொடரை அவரைப் பற்றி யார் எந்தத் தொனியில் சொல்கிறார்கள். படம் எப்படி இருக்கிறது என்ற கேள்வி அதற்குப் பிறகே வருகிறது.

படமும் வேலையும் சேர்ந்தே பொருந்தும் தொடர்கள் சில உண்டு. ரோஜா நிறக் கண்ணாடி வழியாக உலகைப் பார்ப்பது இரு மொழிகளிலும் இருக்கிறது. ஜெர்மனில் அது புதிதாகக் காதலில் விழுந்தவர்களைப் பற்றியே கூடுதலாகப் பேசப்படும். நாம் மனக்கோட்டை கட்டுகிறோம். ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் காற்றில் கோட்டை கட்டுகிறார்கள். ‘லுஃப்ட்ஷ்லோஸர்’ என்றால் காற்றுக் கோட்டைகள். மூழ்குபவர் வைக்கோல் துரும்பைப் பற்றுவதும் இரு மொழிக்கும் பொது. இவற்றில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை.

ஆனால் முழுமையாகப் பொருந்துவதாகத் தோன்றும் தொடரிலும் கவனம் வேண்டும். தலையை மணலுக்குள் புதைத்துக்கொள்ளும் நெருப்புக்கோழியை இரு மொழிகளும் அறியும். உண்மையில் எந்த நெருப்புக்கோழியும் அப்படிச் செய்வதில்லை. தரையிலுள்ள பள்ளத்தில் முட்டையிட்டு, அலகால் அவற்றைப் புரட்டுவதற்காகத் தலையைத் தாழ்த்துகிறது. புதருக்குள் தலையை நுழைத்துவிட்டால் முழு உடலும் மறைந்துவிட்டதாக அது எண்ணும் என்று பொ.ஆ. முதல் நூற்றாண்டில் ரோமானியரான பிளினி எழுதினார். அந்தக் கதை ஐரோப்பிய மொழிகளில் வேரூன்றிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிடும் என்று நினைக்கும் நம்மூர்ப் பூனை செய்யும் அதே வேலையைத்தான் அங்கே நெருப்புக்கோழி செய்கிறது. ஜெர்மனில் இதற்கு ‘டென் கோப்ஃப் இன் டென் ஸான்ட் ஷ்டெக்கென்’ என்பது தொடர். ஆயினும், தோல்வியுற்ற ஓர் அணியின் பயிற்சியாளர் ‘இப்போது தலையை மணலுக்குள் விடக் கூடாது’ என்று ஜெர்மனில் சொன்னால், ‘மனம் தளர்ந்துவிடக் கூடாது’ என்பதையே அவர் பெரும்பாலும் குறிக்கிறார். ஆங்கிலத் தொடரில் இந்தச் சோர்வுப் பொருள் இல்லை. உண்மையைக் காண மறுக்கும் பிடிவாதத்தை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்ல வேண்டுமானால், ‘நெருப்புக்கோழி அரசியல்’ என்று பொருள்படும் ‘ஃபோகெல்-ஷ்ட்ராவ்ஸ்-பொலிட்டீக்’ என்ற சொல் ஜெர்மனில் தயாராக இருக்கிறது.

எனக்கு மிகவும் பயன்பட்ட பாடம் கண்ணைப் பற்றிய தொடர்களிலிருந்து கிடைத்தது. ‘டு டர்ன் எ பிளைண்ட் ஐ’, அதாவது பார்வையற்ற கண்ணைத் திருப்புவது, என்ற ஆங்கிலத் தொடரை பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி அட்மிரல் நெல்சனுடன் இணைத்துச் சொல்வது வழக்கம். 1794இல் கார்சிகாத் தீவின் கால்வி முற்றுகையில் வலக்கண் பார்வையை இழந்தவர் அவர். 1801 ஏப்ரல் 2 அன்று கோப்பன்ஹேகன் கடற்போரில், போரை நிறுத்தும்படி மேலதிகாரியின் கப்பலிலிருந்து கொடி ஏறியபோது, பார்வையற்ற கண்ணில் தொலைநோக்கியை வைத்து ‘எனக்கு எந்தச் சமிக்ஞையும் தெரியவில்லை’ என்றார் என்பது கதை. ஜெர்மனில் இதற்கு நிகர்போல் தோன்றும் தொடர் ஒன்று உண்டு: ‘ஐன் ஆவ்கெ ட்ஸூட்ருக்கென்’, அதாவது ஒரு கண்ணை மூடிக்கொள்வது. ஒரு கண், பாராமை, எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனால் அது செய்யும் வேலை வேறு. வண்டியைத் தவறான இடத்தில் நிறுத்தியவரை எச்சரித்து அனுப்பிவிடும் காவலர் ஒரு கண்ணை மூடிக்கொள்கிறார். நாம் ‘கண்டும் காணாமல் விட்டார்’ என்போமே, அதுதான். இரக்கம் மிகுந்தால் இரண்டு கண்களையும் மூடுவார். அங்கே ஏமாறுபவர் எவரும் இல்லை, பெருந்தன்மைதான் இருக்கிறது.

ஆங்கிலத் தொடர் இரண்டையும் தாங்கும்: பிறருடைய சிறு குற்றத்தைப் பொறுத்துக்கொள்வதையும் சொல்லும், பார்க்கப் பிடிக்காத உண்மையைப் பார்க்க மறுப்பதையும் சொல்லும். இரண்டாம் பொருளுக்கு ஜெர்மனில் ‘டீ ஆவ்கென் ஃபெர்ஷ்லீஸன்’ என்று சொல்ல வேண்டும். இரு கண்களையும் அடைத்துக்கொள்வது, கதவைத் தாழிடுவதற்கு நெருக்கமான வினை. 1985 மே 8 அன்று, ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் முடிந்த 40ஆம் ஆண்டு நினைவு நாளில், மேற்கு ஜெர்மனியின் குடியரசுத் தலைவர் ரிச்சர்ட் ஃபான் வைட்ஸெக்கர் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரையில் இத்தொடர்தான் வந்தது: கடந்த காலத்தின் முன் கண்களை மூடிக்கொள்பவர், நிகழ்காலத்தைக் காண முடியாத குருடராகிறார் என்றார் அவர். ஒரு கண்ணை மூடும் தொடரை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். கடந்த காலத்தை மன்னித்துவிடுவதாகப் பொருள் திரும்பி, உரையின் நோக்கமே கவிழ்ந்துவிடும். படத்தை நம்பி மொழிபெயர்ப்பதில் உள்ள ஆபத்து இத்தனை பெரியது.

படத்தை முற்றிலும் விட்டுவிட வேண்டிய தொடருக்கு ‘ஃபூல்ஸ் பாரடைஸ்’ என்பது நல்ல எடுத்துக்காட்டு. முட்டாளின் சொர்க்கம் என்ற இதை ‘நாரென்பாரடீஸ்’ என்று சொல்லுக்குச் சொல் மாற்றலாம். ஆனால் மைன்ஸ் நகரிலும் தென்மேற்கு ஜெர்மனியிலும் தவக்காலத்துக்கு முந்தைய திருவிழாவில் வேடமிட்டு ஆடுபவர்களுக்கு ‘நாரென்’ என்றுதான் பெயர். படிப்பவர் மனத்தில் வண்ண உடைகளும் ஊர்வலமும் எழும். அழிவு நெருங்குவதை அறியாமல் மகிழ்ந்திருக்கும் ஒருவர் எழமாட்டார். அந்த மனிதருக்கு ஜெர்மன் வைத்திருக்கும் தொடர் வேறு, என் கருத்தில் ஆங்கிலத்தைவிட அழகானது: ‘ஸிஷ் இன் ஸிஷர்ஹைட் வீகென்’. ‘ஸிஷர்ஹைட்’ பாதுகாப்பு. ‘வீகெ’ என்றால் தொட்டில். ‘வீகென்’ அதை ஆட்டுவது. பாதுகாப்பு என்னும் தொட்டிலில் தம்மையே இட்டுத் தாமே ஆட்டித் தூங்க வைத்துக்கொள்கிறார் ஒருவர். தாயும் பிள்ளையும் அவரே. முட்டாள் என்ற வசையும் இல்லை, சொர்க்கம் என்ற ஏளனமும் இல்லை. விழிக்கப்போகும் ஒருவர் மீதான கனிவு மட்டும் இருக்கிறது. ஆங்கில மூலத்தில் வசை முக்கியம் என்றால் இத்தொடர் போதாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போது ‘வோல்கென்குக்குக்ஸ்ஹைம்’ என்ற சொல் உதவும். பொ.ஆ.மு. 414இல் ஏதென்ஸில் அரங்கேறிய அரிஸ்டோஃபனீஸின் ‘பறவைகள்’ நாடகத்தில் பறவைகள் வானத்தில் கட்டும் நகரத்துக்கு உள்ள பெயரின் ஜெர்மன் வடிவம் அது. மேகக் குயில் இல்லம் என்று பொருள்படும். ஆங்கிலத்திலும் இந்த நகரத்துக்குப் பெயர் உண்டு.

அச்சத்தை மறைக்கச் சீட்டியடிப்பது மற்றொரு படம். அமெரிக்க ஆங்கிலத்தில் அவர் கல்லறைத் தோட்டத்தைக் கடந்து போகிறார். ஜெர்மனில் காட்டுக்குள் நடக்கிறார்: ‘ப்ஃபைஃபென் இம் வால்டெ’. இடம் மட்டும் மாறியிருக்கிறது. இங்கே மனிதருக்கு உண்மை தெரியும் என்பதை மறக்கக் கூடாது. நெருப்புக்கோழி பார்ப்பதில்லை, சீட்டியடிப்பவர் பார்த்துவிட்டார், அதனால்தான் சீட்டியடிக்கிறார்.

நரிக்கு எட்டாத திராட்சையும் அப்படித்தான். ‘சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்’ என்று நாம் சொல்வதன் ஜெர்மன் வடிவங்களில் ஒன்று புளிப்பைச் சொல்கிறது, இன்னொன்று ‘திராட்சை அவருக்கு மிக உயரத்தில் தொங்குகிறது’ என்று உயரத்தைச் சொல்கிறது. ஆனால் இன்றைய ஆங்கிலப் பேச்சில் ‘சவர் கிரேப்ஸ்’ என்பது பெரும்பாலும் தோற்றவரின் வெறும் பொறாமையைக் குறிப்பதால், பல இடங்களில் ‘பொறாமைதான் பேசுகிறது’ என்று ஜெர்மனில் நேராக எழுதுவதே சரியாக இருக்கும்.

விரும்புவதையே நடக்கும் என்று நம்புவதற்கு ‘வுன்ஷ்டெங்கென்’ என்ற சொல், ‘விருப்பச் சிந்தனை’ என்ற பொருளில், ஆங்கிலத்துக்கு அப்படியே பொருந்தும். இதைவிடச் சுவையானது ‘எண்ணத்துக்கு விருப்பமே தந்தை’ என்ற தொடர். ஷேக்ஸ்பியரின் ‘நான்காம் ஹென்றி’ இரண்டாம் பாகத்தில், தந்தை இறந்துவிட்டார் என்று நினைத்து மணிமுடியை எடுத்துச் சென்ற இளவரசனிடம், கண் விழித்த மன்னர் சொல்லும் சொல் அது. ‘நீங்கள் மீண்டும் பேசுவீர்கள் என்று நான் எண்ணவே இல்லை’ என்கிறான் மகன். ‘உன் விருப்பம்தான் அந்த எண்ணத்துக்குத் தந்தை’ என்கிறார் மன்னர். ஆங்கிலத்தில் இன்று இலக்கிய வாசம் வீசும் இத்தொடர், ஜெர்மனில் செய்தித்தாளிலும் அலுவலகப் பேச்சிலும் இயல்பாக வழங்குகிறது. ஆகவே இதே தொடர் வந்திருக்கிறது என்று மகிழ்ந்து பெயர்த்தால், மூலத்தின் பழமைச் சாயல் காணாமல் போவதைக் கவனிக்க வேண்டும்.

இதுவரை பெயர்ச்சொற்களும் படங்களுமே பேசின. ஜெர்மனின் உண்மையான செல்வம் இவற்றில் இல்லை. சாதாரண வினைகளுக்கு முன் ஒட்டும் சிறு அசைகளில் இருக்கிறது. ‘மாகென்’ என்றால் செய்வது; ‘ஃபோர்’ என்றால் முன்னால். ‘ஃபோர்மாகென்’ என்றால், தச்சர் தம் உதவியாளருக்கு இழைப்புளி தள்ளும் விதத்தைக் காட்டுவதுபோல, ஒருவர் முன்னால் செய்துகாட்டுவது. அதிலிருந்து, இல்லாததை இருப்பதுபோல் ஒருவர் முன் நடித்துக் காட்டுவது என்ற பொருள் பிறந்தது. நடிப்பதைத் தமக்கே செய்துகொண்டால் ‘ஸிஷ் எட்வாஸ் ஃபோர்மாகென்’. தொடக்கத்தில் பார்த்த ‘டோன்ட் கிட் யுவர்செல்ஃப்’ என்பதற்கு விடை இதுதான்: ‘மாக் டியர் நிஷ்ட்ஸ் ஃபோர்’, ‘உன் முன்னால் நீயே எதையும் நடித்துக் காட்டாதே’. ‘உன்னை’ என்ற ‘டிஷ்’ இப்போது ‘உனக்கு’ என்ற ‘டியர்’ ஆகிவிட்டதைக் கவனியுங்கள். இரண்டாம் வேற்றுமையில் அவர் ஏமாற்றப்படும் பொருளாக இருந்தார்; நான்காம் வேற்றுமைக்கு வந்ததும், நாடகம் யாருக்காக நடக்கிறதோ அந்தப் பார்வையாளராக அமர்கிறார். மேடையில் நிற்பவரும் அவரே.

மற்ற முன்னொட்டுகளும் இப்படியே ஒவ்வொரு கோணத்தைத் தருகின்றன. ‘ஐன்ரேடென்’ என்பதில் ‘ஐன்’ உள்ளே புகுவதைக் காட்டும். ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தமக்குள்ளே ஏற்றிக்கொள்வது அது. ‘ஷோன்ரேடென்’ என்பது அழகாகப் பேசிப் பேசியே குறையை மூடுவது. நம்முடைய ‘பூசி மெழுகுதல்’ அதற்கு மிக அருகில் இருக்கிறது. ‘வைஸ்மாகென்’ என்ற சொல் இடைக்கால ஜெர்மனில் ஒருவரை அறிந்தவராக்குவதை, அதாவது உண்மையைக் கற்பிப்பதைக் குறித்தது; இன்று பொய்யை நம்பவைப்பதைக் குறிக்கிறது. ஆங்கிலம் ஒரு படத்தைக் காட்டும் இடத்தில், நடிப்பா, ஓதுதலா, பூச்சா என்று எந்த வழியில் அந்த மனிதர் தம்மை ஏமாற்றிக்கொள்கிறார் என்பதை ஜெர்மன் கேட்கிறது. மூலத்தை மறுபடி படித்து அதற்கு விடை கண்டால்தான் சரியான வினை கிடைக்கும்.

இந்த வினைகளில் மரியாதையும் உண்டு. நாம் நீ, நீங்கள் என்று பிரிப்பதுபோல் ஜெர்மன் ‘டூ’, ‘ஸீ’ என்று பிரிப்பதால், ஆங்கிலத்தின் ஒற்றைக் கட்டளை அங்கே இரண்டாகிவிடும். இவ்விரண்டையும்விட மென்மையானது ‘நாம்’ என்று பேசுவது: ‘மாகென் வியர் உன்ஸ் நிஷ்ட்ஸ் ஃபோர்’, ‘நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம்’. கசப்பான உண்மையைச் சொல்லப் போகும் மருத்துவரும், கூட்டத்தில் பேசும் மேலாளரும் இதைக் கொண்டு தொடங்குவதைக் கேட்கலாம். ‘லெட்ஸ் ஃபேஸ் இட்’ (‘உண்மையை நேருக்கு நேர் பார்ப்போம்’) என்ற ஆங்கிலத் தொடரில் முகம் இருந்தாலும், ஜெர்மனில் அதன் இடத்தில் நிற்கத் தகுந்தது இதுவே.

ஆங்கிலத்தில் இல்லாத ஒரு படத்தையும் சொல்ல வேண்டும். ‘ஸிஷ் இன் டீ ஐகெனெ டாஷெ லூகென்’ என்றால் தம் சொந்தச் சட்டைப்பைக்குள்ளேயே பொய்யைப் போட்டுக்கொள்வது. கணக்கில் வராத ஆதாயத்தை இருப்பதாகச் சொல்லித் தம்மையே திருப்திப்படுத்திக்கொள்ளும் மனிதருக்கு இது மிகப் பொருத்தமான பேச்சு வழக்கு. ஆனால் இதே பையைக் கொண்டு, வினையை மட்டும் மாற்றி, பொதுப்பணத்தைக் கையாடுவதையும் ஜெர்மன் சொல்லும். தொடரைப் பாதி நினைவில் வைத்து எழுதினால், தம்மை ஏமாற்றிக்கொண்ட அப்பாவி கையாடல் செய்தவராகிவிடுவார்.

‘ஹீ இஸ் இன் டினையல்’ என்று ஆங்கிலத்தில் இப்போது எங்கும் கேட்கிறோம். ‘மறுப்பில் இருக்கிறார்’ என்று தமிழிலோ ஜெர்மனிலோ எழுதினால் ஒட்டாது. ஜெர்மன் இதற்கு ஒரு முழு வாக்கியத்தையே வைத்திருக்கிறது: ‘எர் வில் எஸ் நிஷ்ட் வார்ஹாபென்’, ‘அது உண்மையாக இருப்பதை அவர் விரும்பவில்லை’. மறுப்பு என்ற செயலைவிட விருப்பம் என்ற உணர்வு முன்னால் நிற்கிறது. சுவிட்சர்லாந்தில் பிறந்த மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ரோஸ் மரணத்தை எதிர்கொள்வோரைப் பற்றி 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலில் வகுத்த மனநிலைகளில் முதலாவதான மறுப்புக்கு ஜெர்மானியர் இந்த வினைத்தொடரையே பெயராக்கி வழங்குகிறார்கள். இன்னொரு சொல் ‘ஃபெர்ட்ரெங்கென்’. மிதக்கும் கப்பல் தண்ணீரை விலக்குவதைச் சொல்லவும் அதே வினைதான். உளப்பகுப்பாய்வை நிறுவிய ஃபிராய்ட், வேண்டாத எண்ணத்தை மனத்தின் ஆழத்துக்குத் தள்ளிவிடுவதைக் குறிக்கும் கலைச்சொல்லாக அதை ஆக்கினார். இன்று பல் மருத்துவரிடம் போக வேண்டியதை மறந்தவர்கூட அதைச் சொல்கிறார். ஆங்கிலத்தில் ஃபிராய்டின் சொல்லுக்குரிய பெயர்ப்பு மருத்துவக் கூடத்தின் மணத்தோடு இருக்க, ஜெர்மனில் அது சமையலறையிலும் புழங்குகிறது என்பதை அறிந்தால், எந்தப் பாத்திரத்தின் வாயில் எதை வைப்பது என்ற தயக்கம் குறையும்.

இவை அனைத்தையும் தாண்டி, ஆங்கிலத்தில் நிகரில்லாத ஒரு சொல் ஜெர்மனில் இருக்கிறது: ‘லேபென்ஸ்லூகெ’, வாழ்க்கைப் பொய். நார்வே நாடகாசிரியர் இப்சென் 1884இல் எழுதிய ‘காட்டு வாத்து’ நாடகத்தில் ரெல்லிங் என்ற மருத்துவர் இதைப் பேசுகிறார். சராசரி மனிதரிடமிருந்து அவருடைய வாழ்க்கைப் பொய்யைப் பறித்தால், மகிழ்ச்சியையும் சேர்த்தே பறித்துவிடுகிறீர்கள் என்கிறார். நார்வேச் சொல்லின் பெயர்ப்பாக வந்த இது ஜெர்மனில் வேர்விட்டு, அரசியல் பேச்சிலும் இடம்பிடித்தது. முன்னாள் பிரதமர் வில்லி பிராண்ட் 1988இல், ஜெர்மனி மீண்டும் ஒன்றுசேரும் என்ற நம்பிக்கையை இரண்டாம் ஜெர்மன் குடியரசின், அதாவது மேற்கு ஜெர்மனியின், வாழ்க்கைப் பொய் என்று குறிப்பிட்டார். மறு ஆண்டு நவம்பர் 9 அன்று பெர்லின் சுவர் திறந்தது. ‘லிவிங் எ லை’ என்ற ஆங்கிலத் தொடர் பிறரிடம் மறைத்து வாழும் வாழ்க்கையையும் உள்ளடக்குவதால் இதற்கு ஈடாகாது. ஒரு மனிதரோ ஒரு நாடோ தாங்கி நிற்கும் அடித்தளமே பொய்யாக இருந்து, அதை விட்டால் எல்லாம் சரியும் என்ற நிலையில் மட்டுமே இச்சொல்லை எடுக்க வேண்டும். நாளை முதல் உடற்பயிற்சி செய்வேன் என்று நம்புபவருக்கு இதைச் சூட்டினால் அதன் கனம் வீணாகும்.

1978 நவம்பரில் கயானாவின் ஜோன்ஸ்டவுனில் 900க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் நச்சுப் பானத்தால், இறந்ததிலிருந்து பிறந்த ‘கூல்-எய்ட் குடிப்பது’ என்ற, ஒன்றைக் கண்மூடித்தனமாக நம்புவதைக் குறிக்கும் அமெரிக்கத் தொடருக்கு ஜெர்மனில் படம் இல்லை. ‘தம் பிரசாரம் தடவிய பசையில் தாமே ஒட்டிக்கொண்டார்’ என்ற பொருளில், பறவை பிடிக்கும் பசையைக் கொண்டு ஜெர்மன் சொல்வது போதுமானது.

இப்போது ஒரு சிறு பத்தியைப் பெயர்த்துப் பார்ப்போம். ஆங்கிலக் கதை ஒன்றில் இப்படி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள்: ‘கடை நட்டத்தில் ஓடுவது அவருக்குத் தெரியும், ஆனாலும் தலையை மணலுக்குள்ளேயே வைத்திருந்தார். வசந்தம் வந்தால் எல்லாம் சரியாகும் என்று, கல்லறையைக் கடப்பவர்போல் சீட்டியடித்தார். யாரை ஏமாற்றிக்கொண்டிருந்தார்?’ முதல் வாக்கியத்தில் மணலை அப்படியே வைக்கலாம். ஆனால் அடுத்த வாக்கியத்தில் ஜெர்மன் காட்டின் சீட்டி வரப்போகிறது. மணலும் காடும் அருகருகே நின்றால் வாசகரின் கண் திண்டாடும். ‘தெரியும்’ என்ற சொல் முன்பே இருப்பதால், தெரிந்தும் விரும்பாத அந்த ‘வார்ஹாபென்’ தொடரை முதலில் வைத்து, மணலை விட்டுவிடுகிறேன். சீட்டியை வைத்துக்கொள்கிறேன்; அவர் அஞ்சுகிறார் என்பதை வேறெதுவும் சொல்லாது.

கடைசி வாக்கியம்தான் என்னை நெடுநேரம் நிறுத்தியது. ‘ஃபோர்மாகென்’ என்ற வினையில் ஐயமில்லை: ‘வேம் மாக்டெ எர் ஐகென்ட்லிஷ் எட்வாஸ் ஃபோர்?’, ‘உண்மையில் யார் முன்னால் நடித்துக்கொண்டிருந்தார்?’ இதில் இடத்தைச் சுட்டும் ஒரு சிறு சொல்லைச் சேர்க்க ஜெர்மன் காது எதிர்பார்க்கும். ‘டா’, அதாவது ‘அங்கே’, என்று வைத்தால் கதைசொல்லி வெளியே நின்று அவரைச் சுட்டிக்காட்டிக் கேட்கிறார். ‘ஹியர்’, அதாவது ‘இங்கே’, என்று வைத்தால் கேள்வி கடைக்காரரின் மனத்துக்குள்ளிருந்தே எழுகிறது. ஆங்கிலம் இரண்டுக்கும் இடம் தந்து நிற்கிறது. அவர் தம்மைப் பார்க்கத் தொடங்கிவிட்டார் என்று எனக்குத் தோன்றியதால் ‘ஹியர்’ என்று எழுதினேன்.